நெஞ்சைச் சாய்க்க ஒரு பலகை

ஜூன் 12, திங்கள்

சொர்ணத்தின் மூச்சுக்காகத் திருநெல்வேலி போய் வந்தோம். ஜனவரியிலிருந்து இது ஐந்தாவது தடவை. நுரையீரல் டாக்டர் சின்னப் பெண், என் மகள் கனியின் வயதுதான் இருக்கும். படத்தை வெளிச்சத்தில் மாட்டி, "இறுகிக்கிட்டே வருது ஐயா. காரணம்தான் பிடிபடல" என்றாள். முதல் நாள் கேட்ட கேள்விகளை மறுபடி கேட்டாள். வீட்டில் புறா உண்டா? கோழி? பஞ்சு மில்லில் வேலை பார்த்தாங்களா? மாவு மில்? மரத்தூள், கல்தூள்?

"இல்லம்மா. நமக்கு ஆலங்குளத்துல பர்னிச்சர் கடை. கண்ணாடிக் கதவு, ஏசி. தூசியே கிடையாது" என்றேன்.

அது பொய் இல்லை. கடையை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். சொர்ணம் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரம்ப காலத்தில், வீட்டுக்குப் பின்னால் பட்டறை இருந்தபோது, கூடமாட ஒத்தாசை செய்திருக்கிறாள். எந்த வீட்டில் பெண்டாட்டி செய்யவில்லை? அதையெல்லாம் ஒரு டாக்டரிடம் விரித்துக்கொண்டிருக்க முடியுமா.

இப்போதைக்குப் பெரிய பாடு தூக்கம். படுத்தால் மூச்சு முட்டுகிறது. சுவரில் தலையணை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தால், அரை மணியில் வழுக்கிக் கீழே வந்து, கிணற்றில் முங்கி எழுந்தவள் மாதிரி வாயைத் திறந்துகொண்டு விழிக்கிறாள். பதினெட்டு நாளாக முழுசாக ஒரு மணி நேரம் தூங்கவில்லை. கடையிலிருந்து மூன்று கட்டில், இரண்டு சாய்வு நாற்காலி கொண்டுவந்து போட்டுப் பார்த்தாயிற்று. தலைப்பக்கம் தூக்குகிற ஆஸ்பத்திரிக் கட்டில் வாங்கலாமா என்றேன். "அது இந்த வாசப்படி தாண்டி உள்ள வரக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மா அப்படி ஒன்றில்தான் போனாள்.

சாய்மானக் கட்டில் ஒன்றை நானே செய்வதென்று முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 14, புதன்

காரைத் தெருவில் நிறுத்திவிட்டு ஷெட்டை ஒழித்தேன். பரணிலிருந்து இழைப்புளி, உளிகள், கொட்டாப்புளி எல்லாம் இறங்கின. இழைப்புளி துருப்பிடித்திருந்தது. தீட்டுவதிலேயே காலை போயிற்று.

நான் ஆசாரி இல்லை. பதினான்கு வயதில் தென்காசிப் பட்டறை ஒன்றில் பசை காய்ச்சச் சேர்ந்தவன். பிறகு சொந்தமாக மூன்று ஆசாரிகளை வைத்துப் பட்டறை போட்டேன். 2006இல் பட்டறையை மூடிவிட்டு ரெடிமேட் சாமானுக்கு மாறினேன். நாற்காலி விற்கத் தெரியும், எந்த நாற்காலியில் எங்கே குறை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். செய்வது வேறு வேலை. முதல் காலிலேயே உளி சறுக்கி இடது கைப் பெருவிரலில் இறங்கியது.

உலகநாத ஆசாரியிடம் கொடுத்தால் பத்து நாளில் முடித்துவிடுவார். ஆனால் அவளுக்குச் சரியான சாய்மானம் என்னவென்று தினம் தினம் உட்கார வைத்து அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அதோடு, அவளைத் தனியே விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. ஷெட்டிலிருந்து அவள் அறை ஜன்னல் பன்னிரண்டு எட்டுத் தூரம். இருமினால் எனக்குக் கேட்கும்.

ஆனிக் காற்று ஆரம்பித்துவிட்டது. மேற்கேயிருந்து அள்ளிக்கொண்டு வருகிறது. ஷெட்டும் வீட்டுக்கு மேற்கே.

ஜூன் 15, வியாழன்

இரண்டு கால் முடிந்தது. மூன்றாவது தப்பு. மறுபடி அறுக்க வேண்டும்.

ஜூன் 18, ஞாயிறு

உலகநாத ஆசாரி வந்தார். நான் வேலை செய்வதாகக் கடைப் பையன்கள் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள், பார்க்க வந்துவிட்டார். பட்டறைக் காலத்திலிருந்து என்னிடம் இருந்தவர், இப்போது தன் வீட்டிலேயே தொழில் செய்கிறார். ஷெட் வாசலில் நின்று கட்டில் காலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மொதலாளி, இது கட்டில் காலா, ஒலக்கையா?"

"ஏன், என்ன கொற?"

"கொற ஒண்ணுமில்ல. நெல்லுக் குத்தலாம்."

காலின் துளையில் சட்டத்தின் மர நாக்கைச் செருகிப் பார்த்தார். ஆடியது. அவரே உளியை எடுத்து இரண்டைச் சரிசெய்து கொடுத்தார். காப்பி குடித்தார். போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். திரைச்சீலை உள்பக்கமாகப் படபடத்துக்கொண்டிருந்தது.

"அங்கயா அக்கா இருக்காவ?"

"ஆமா. காத்து வேணும்னு சொல்லுதா."

"என் பொண்டாட்டிய நான் ஒரு நா கூட பட்டறைக்குள்ள விட்டதில்ல மொதலாளி. சோத்து வாளிய வாசல்ல வச்சிட்டுப் போயிருவா" என்றார்.

அவர் பழைய ஆள், எதையாவது சம்பந்தமில்லாமல் சொல்வார்.

ஜூன் 21, புதன்

இன்றைக்கு ஒரு நல்ல விஷயம். பதினொரு மணிக்கு சொர்ணம் தானாக எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து ஷெட்டுக்கு வந்துவிட்டாள். வந்து ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு அடங்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. அடங்கியதும் கட்டில் காலை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு உள்ளங்கையால் தடவினாள்.

"இப்படியா விடுவீங்க? கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கு. உப்புத்தாள எங்க?"

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"குடுங்க. சும்மா இருந்து சும்மா இருந்து சாவுதேன்."

கொடுத்தேன். அரை மணி நேரம் தேய்த்தாள். கை அப்படியே இருக்கிறது, ஒரு தேய்ப்புக்கூடத் தப்பவில்லை. எங்கள் நாற்காலிக்கு அந்தக் காலத்தில் பேரே அந்த வழவழப்புக்குத்தான். வாங்க வந்தவர்களிடம் நான் விலையே சொல்லமாட்டேன், "கையை வச்சுப் பாருங்க" என்பேன். வைத்தவர்கள் எடுக்கமாட்டார்கள். இரண்டு மூன்று வருஷம் உப்புத்தாள் வேலையை அவள்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு முகம் தெளிந்திருந்தது. மூக்கு நுனியில் தேக்குத் தூள் ஒட்டியிருந்தது. நான் துடைத்துவிட்டதும் சிரித்தாள்.

சாயங்காலமிருந்து இருமல் விடவில்லை. காற்று இன்றைக்கு ரொம்ப மோசம்.

ஜூன் 24, சனி

விரலில் மாட்டுகிற மிஷினில் ஆக்சிஜன் 84 காட்டுகிறது. போன வாரம் 90. டாக்டருக்குப் போன் செய்தேன். மாத்திரையைக் கூட்டச் சொன்னாள். "வீட்டுல ஏதாவது புதுசா மாறியிருக்கா ஐயா? பெயின்ட் வேலை, கட்டட வேலை?" என்றாள். இல்லை என்றேன்.

கட்டில் சட்டம் சேர்ந்துவிட்டது. நாற்பத்தைந்து டிகிரி சாய்மானம். கீழே வழுக்காமல் இருக்கத் தொடைக்கு அடியில் ஒரு மேடு. மூன்று தடவை பிரித்துக் கோர்த்தேன். தச்சுப் பசை காய்கிற வரைக்கும் கடைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இதில் அவள் தூங்க வேண்டும். நான் வேறு எதையும் கேட்கவில்லை.

ஜூன் 27, செவ்வாய்

பாலிஷ் போடாத சாமான் என் கையிலிருந்து வெளியே போனதே இல்லை. அந்தப் பழக்கம்தான் இன்றைக்கு வேலையைக் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோட் அடித்துக் காயவிட்டிருந்தேன். இந்தக் காற்றுக்கு ஒரு நாளே போதும், இரண்டு நாள் விட்டேன். மூக்கை வைத்துப் பார்த்தேன், எனக்கு வாசம் ஒன்றும் தெரியவில்லை. நாற்பத்தேழு வருஷமாக அதையே மோந்த மூக்கு.

பத்து மணிக்குக் கடைப் பையன்களும் நானுமாகக் கட்டிலை உள்ளே தூக்கிப் போட்டோம். சாய்த்தேன். "எப்படி இருக்கு?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள், எனக்காக. மூன்று நிமிஷம் இருக்கும். தலையை இப்படியும் அப்படியும் புரட்டினாள். இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து முன்னால் எழும்பப் பார்த்தாள். நான் மறுபடி பிடித்துச் சாய்த்தேன். சாய்ந்தால்தானே தூக்கம் வரும்? சாய்க்கச் சாய்க்க அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதடு நீலமாகிவிட்டது.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம்.

ஜூன் 28, புதன்

வார்டில். 79. முகத்தில் மாஸ்க். பேச்சு இல்லை.

ஜூன் 30, வெள்ளி

கனி கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டாள். நேரே ஆஸ்பத்திரிக்கு வராமல், துணி எடுக்க ஆலங்குளம் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே ஷெட்டைப் பார்த்திருக்கிறாள், ஜன்னலைப் பார்த்திருக்கிறாள். வராந்தாவில் என்னைக் கண்டதும் கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் பழுப்பு.

"அம்மா தலகாணி ஒறையில இருந்து தொடச்சது."

"காத்துக்கு வந்திருக்கும்."

"காத்தா மரத்த அறுத்துச்சு? நீங்க கட்டில் செஞ்சீங்களா, அம்மாவுக்குப் பாடை செஞ்சீங்களாப்பா?"

வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளை வாட்டர் கேன் பக்கம் கூட்டிப் போனேன்.

"மெதுவாப் பேசு. டாக்டரே காரணம் தெரியலங்காங்க."

"ஏன் தெரியல? நீங்க சொன்னீங்களா? நான் ஸ்கூலுக்குப் போற வரைக்கும் அம்மா முடி கறுப்புன்னே எனக்குத் தெரியாது. எப்பவும் மஞ்சத் தூளு. எனக்கு எண்ணெய் தேய்க்கும்போதுகூட கையில பரபரன்னு இருக்கும். அத சொன்னீங்களா?"

"நீ ஸ்கூலுக்குச் சேர்ற வரைக்கும்தான் செஞ்சா. அப்புறம் விட்டுட்டா."

"நான் பத்தாவது எழுதிட்டு வந்த அன்னைக்கும் பட்டறையிலதான் இருந்தா. நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?"

நாளைக்கு நான் சொல்கிறேன் என்றேன். சாமானில் கீறல் இருந்தால் வாங்குகிறவனிடம் நானே காட்டிக் கொடுத்துவிடுவேன், அதனால்தான் என் கடை நிற்கிறது. இதை மட்டும் ஏன் துணி போட்டு மூடினேன் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். பதில் தெரியும். எழுத வரவில்லை.

ஜூலை 1, சனி

சொன்னேன்.

டாக்டர் கேஸ் காகிதத்தோடு கட்டிலருகே நின்றாள். கனி அந்தப் பக்கம். "இவ முன்னாடி எங்க பட்டறையில மரத்துக்கு உப்புத்தாள் போட்டிருக்கா" என்றேன். டாக்டர் பேனாவை நிறுத்தினாள்.

"எவ்வளவு காலம்?"

"ஆறு வருஷம் இருக்கும்."

மாஸ்க்குக்குள்ளே சொர்ணம் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. ஊசி குத்தாத கையைத் தூக்கினாள். ஐந்து விரலையும் விரித்து மூடினாள். மறுபடி விரித்து மூடினாள். மறுபடியும். பிறகு இரண்டு விரலைக் காட்டி, அப்படியே வைத்திருந்தாள்.

"பதினேழா?" என்றாள் டாக்டர்.

தலையை ஆட்டினாள்.

நான் கணக்குப் பார்த்தேன். 89இல் பட்டறை போட்டது. 2006இல் மூடியது. ஒரு வருஷம்கூடக் குறையவில்லை.

டாக்டர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. "ஜனவரியில கேட்டேன்லா ஐயா" என்று மட்டும் சொன்னாள். பிறகு வெளியே கூட்டிப் போய் விளக்கினாள். இறுகிப்போன பாகம் இனித் திரும்பாது. தூசிதான் காரணம் என்று தெரிந்திருந்தால் மருந்தும் வேறு, இருக்கிற இடமும் வேறு. அப்போது கொஞ்சம் பிடித்து நிறுத்தியிருக்கலாம். போன மாதம் ஷெட்டில் நடந்ததையும் சொன்னேன், அவள் உப்புத்தாள் போட்டதையும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடிக்கிற வரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இப்ப தூசிய நிறுத்தினா?" என்றேன்.

"நிறுத்திப் பார்க்கலாம். ஒரு வருஷம், ரெண்டு வருஷம். எனக்கே தெரியல."

ஜூலை 5, புதன்

மாஸ்க்குக்குப் பதில் மூக்கில் குழாய். புது மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். 88.

மத்தியானம் சாப்பாடு வைக்கிற சக்கர மேஜையைக் கட்டிலுக்குக் குறுக்கே தள்ளிவைத்து, கஞ்சி கொடுக்க சிஸ்டர் வந்தாள். சொர்ணம் கஞ்சி வேண்டாமென்று கையை மேஜையில் மடக்கி வைத்து அதன்மேல் தலையைக் கவிழ்த்தாள். எழுப்பலாமென்று நான் தொடப் போனேன்.

"விடுங்க ஐயா, தூங்கட்டும். மூச்சுக்காரங்களுக்கு முன்னால சாய்ஞ்சாத்தான் சொகம். உங்களுக்குத் தெரியாதா?" என்று சிஸ்டர் ஒரு தலையணையை அடியில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று மணி நேரம் தூங்கினாள். நான் கடிகாரத்தையும் அவள் முதுகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை ஆயிரம் நாற்காலி, கட்டில், சோபா விற்றிருப்பேன். எல்லாம் முதுகுக்குத்தான். மனுஷன் என்றால் பின்னால் சாய்வான் என்பதற்குமேல் என் மண்டையில் ஒன்றும் ஏறியதில்லை. அன்றைக்கு அவள் சட்டத்தைப் பிடித்து முன்னால் எழும்பியது விழுகிற பயத்தில் இல்லை. அவளுக்கு வேண்டியது முன்னால் இருந்தது. நான் பிடித்துப் பிடித்துப் பின்னால் தள்ளினேன்.

ஜூலை 9, ஞாயிறு

சொர்ணம் வருவதற்குள் வீட்டைக் கழுவுகிறோம். விளக்குமாறு கூடாது, ஈரத்துணி மட்டும். கனி திரைச்சீலைகளை எல்லாம் கழற்றிக் கொண்டுபோய்விட்டாள். ஷெட்டிலிருந்த மரம், தூள், பாலிஷ் டப்பா எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். கட்டிலைப் பிரித்து அதோடு போட்டேன். நாக்கு ஒன்றுகூட லேசில் கழலவில்லை. அவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தது.

கல்யாணப் போட்டோவின் சட்டத்துக்கு மேலே துடைத்தேன். பழுப்பாக, பிசுக்காக வந்தது. போன மாதத்துத் தூள் இப்படி இருக்காது, இது பழசு.

ஜூலை 13, வியாழன்

சக்கர மேஜை உயரம் அவளுக்குச் சரியில்லை. குனிந்தால் வயிறு மடங்கி மூச்சு பிடிக்கிறது. நெஞ்சு உயரத்துக்கு, முன்னால் சரிகிற மாதிரி ஒரு பலகை வேண்டும். முழங்கை ஊன்ற இரண்டு பக்கமும் இடம் வேண்டும். கடைகளில் கேட்டேன், இல்லை. கனி அவளோடு இருக்கிறாள், அதனால் உலகநாத ஆசாரி வீட்டுப் பட்டறைக்குப் போனேன்.

"நான் செஞ்சு தாரேன், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்.

"இல்ல ஆசாரி. நீங்க சொல்லுங்க, நான் செய்யுதேன்."

"ஒலக்க செஞ்ச கை ஆச்சே" என்றார். சிரிப்பு வரவில்லை அவருக்கும்.

பூவரசம் பலகை எடுத்தோம். உப்புத்தாள் கிடையாது, ரம்பத்தூளைத் தண்ணீர் தெளித்து அமுக்கி வெளியே அள்ளினோம். மேல்பரப்பு முழுக்க இழைப்புளிதான். அது சுருள் சுருளாகச் சீவும், தூள் அதிகம் பறக்காது. பாலிஷ் கிடையாது. என் கையில் எங்கே ஓட்டம் தப்பியதோ அங்கே வரி விழுந்தது. ஆசாரி தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார், ஆனால் இழைப்புளியை வாங்கவில்லை.

"குளிச்சிட்டுப் போங்க மொதலாளி. சட்டைய இங்கனயே கழத்திப் போடுங்க. நான் நாப்பது வருஷமா அப்படித்தான் வீட்டுக்குள்ள போறேன்."

"ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"நோவெல்லாம் எனக்கு என்ன தெரியும். இருமுவோம்லா, அத புள்ளைங்க மேல ஏத்தக் கூடாதுன்னுட்டுதான்." வாளியில் தண்ணீர் மொண்டு வைத்தார். "அக்காகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். 'ஒங்க மொதலாளி கடன ஒடன வாங்கித் தொழில் போட்டிருக்காவ, நான் தேய்க்கலன்னா யாரு தேய்ப்பா' ன்னுட்டாவ."

அவர் வீட்டுக் கிணற்றடியில் குளித்தேன். அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 16, ஞாயிறு

சொர்ணம் வீட்டுக்கு வந்தாள். ஆக்சிஜன் மிஷினும் வந்தது. நாள் முழுக்க உர் உர் என்கிறது.

ஜூலை 17, திங்கள்

கனியும் நானும் கிழக்கு அறைக்கு அவளை மாற்றினோம். பலகைக்குக் கால் மாட்டி வர இன்னும் இரண்டு நாள். அதுவரை தலையணைதான். அரை மணி, கால் மணி. கண் குழிந்துவிட்டது.

கனி குளிக்கப் போனபோது கேட்டுவிட்டேன்.

"ஜனவரியிலயே நீ சொல்லிருக்கலாம்லா?"

மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிகிறது. நான் அவசரப்படுத்தவில்லை.

"நான் சொன்னா... ஒங்க மேல பழி போட்ட மாதிரி ஆயிரும்லா. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அஞ்சு தடவ போனோமே சொர்ணம்."

"ஆமா. அஞ்சு தடவயும் பாத்தேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

ஜூலை 19, புதன்

பலகை வந்தது. கட்டில் ஓரத்தில் அவளை உட்கார வைத்து, முன்னால் நிறுத்திப் பூட்டினோம். அவள் முதலில் சாயவில்லை. உள்ளங்கையை மேலே ஓட்டினாள்.

"இது ஆசாரி வேல இல்லியே."

"நான்தான்."

"தெரியுது. இத கடையில போட்டா ஒருத்தன் வாங்க மாட்டான்."

"விக்கதுக்குச் செய்யல. மெத்த போடட்டா?"

"மெத்த வேண்டாம், வெக்க அடிக்கும். சேல மடிச்சுப் போடுங்க."

பழைய நூல் சேலையை மடித்துப் போட்டேன். கையை மடக்கி வைத்தாள், நெஞ்சைச் சாய்த்தாள், வலது கன்னத்தை வைத்தாள். மூச்சு ஒரு நிமிஷத்துக்கு முப்பத்தாறு. நான் எண்ணினேன். முப்பத்திரண்டு. முப்பது. இருபத்தெட்டில் கை தளர்ந்து விரல்கள் விரிந்தன. கனி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கையைக் காட்டி அவளைப் போகச் சொன்னேன். சத்தம் ஆகக் கூடாது.

பதினொன்றே கால் முதல் மூன்றரை வரை. கடையிலிருந்து ஆறு போன் வந்தது, எடுக்கவில்லை.

விழித்துத் தலையைத் தூக்கினாள். சேலை விலகியிருந்தது. வலது கன்னத்தில் காதிலிருந்து வாய் வரைக்கும் என் இழைப்புளி வரிகள், ஒன்று விடாமல் பதிந்திருந்தன. விரலால் தொட்டுப் பார்த்தேன். அழுந்தின பள்ளம். அவளும் தொட்டுப் பார்த்தாள்.

"வலிக்கா?" என்றேன். "நாளைக்கு ஆசாரிகிட்ட கொண்டுபோய் இன்னும் ரெண்டு ஓட்டு ஓட்டிட்டு வாரேன்."

"நாளைக்கெல்லாம் எடுத்துட்டுப் போயிராதீங்க."

சேலையைக்கூடச் சரிசெய்ய விடவில்லை. இடது கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டாள்.